எட்டு ஒலிபெருக்கிகளும் மூன்று காதுகளும்

செம்பூரில் புதிதாகக் கட்டிய ஓர் அரங்கத்துக்குப் போன மாதம் என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஒலி அமைக்கிற பிள்ளைகள், நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிறவர்கள். சுவர் நெடுக ஒலிபெருக்கிகள், கூரையிலும்கூட. ஒருவன் கணினித் திரையில் ஒரு புள்ளியை விரலால் இழுத்தான். எங்கள் தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமடித்துப் போனது.

"சாச்சா, உங்க ஜமானால இதெல்லாம் ஏது? எல்லாம் ஒரே போங்காதானே?" என்றான்.

ஜமானா என்றால் காலம். போங்கா என்று இங்கே சொல்வது கல்யாண வீட்டில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியை. அப்படி இல்லை என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பரவாயில்லை, தெரிந்தவன் தெரியாதவனுக்கு வாசித்துக் காட்டட்டும்.

என் பெயர் சாகுல் அமீது. ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. பதினேழு வயதில் தாராவிக்கு வந்து செய்யது காக்காவின் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். காக்கா எனக்குச் சொந்தமில்லை, மூத்தவரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி எல்லாம் பழுது பார்ப்போம். கல்யாணங்களுக்கு வாடகைக்கும் கட்டுவோம். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினேன், சூட்டுக்கோலில் கையைச் சுட்டுக்கொண்டேன், ஷாக் வாங்கினேன். இருபத்தைந்து வயதில், கிழிந்த கோன் மாற்றுவதென்றால் சாகுலிடம் கொடு என்று மற்ற கடைக்காரர்களே சொல்லும் அளவுக்கு வந்திருந்தேன்.

கோன் மாற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பிற்பாடு நான் செய்த ஒரு தவறு அதில்தான் இருக்கிறது.

ஒலிபெருக்கியில் அதிர்ந்து சத்தம் எழுப்புவது காகிதக் கோன். அது கிழிந்தால் கத்தியால் சுற்றி அறுத்து எடுப்போம். காந்தத்தின் நடுவில் வட்டமாக ஒரு சந்து இருக்கும். அதில் தூசியோ இரும்புத்தூளோ கிடந்தால் காயில் உரசும். பிசின் தடவிய துணியை மடித்து உள்ளே விட்டு ஒற்றி எடுப்போம். பிறகு புதுக் கோனின் காயிலை அந்தச் சந்தில் இறக்கி, நான்கு பக்கமும் பழைய போட்டோ பிலிம் துண்டுகளைச் சொருகி, சரியாக நடுவில் நிறுத்துவோம். அப்புறம் பசை. ஒரு நாள் முழுக்கக் காய்ந்ததும் பிலிமை உருவிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அமுக்கிப் பார்ப்போம். உரசல் கேட்கக் கூடாது. கடைசியாக ஒரு டார்ச் செல்லை ஒலிபெருக்கியின் இரண்டு முனைகளிலும் தொட வேண்டும். கோன் வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட முனைக்குச் சிவப்புப் புள்ளி. உள்ளே இழுத்தால், மறு முனைக்கு. ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று என்றால் இந்தக் கடைசிச் சோதனை தேவையே இல்லை. அதனால் எங்கள் கடையில் பல நாள் அதைச் செய்வதில்லை.

மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கூம்புகளைத் தூண்களின் உச்சியில் கட்டியிருந்தேன். வயலின் கச்சேரி. முடிந்ததும் வாசித்த அம்மா நேராக என் மேஜைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, மூக்குக்கண்ணாடி.

"இதைக் கட்டினது யாரு?"

"நான்தாம்மா." திட்டு விழப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

"நான் மேடையில உக்காந்து வாசிக்கறேன். சத்தம் அந்தத் தூண் மேலேர்ந்து வரது. ஜனங்க என்னைப் பாத்துண்டு தூணைக் கேக்கறா. உங்களுக்கு இது விசித்திரமாத் தோணலையா?"

"எல்லா எடத்துலயும் இப்படித்தாம்மா கட்டுதோம்."

"தப்புன்னு சொல்ல வரலை. சத்தத்தைக் கொண்டுபோய்த் தூண் மேல வைக்க முடியறதுன்னா, வேண்டிய இடத்துல வைக்கவும் முடியணுமோல்லியோ? அதைத்தான் கேக்கறேன்."

கடை விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் பெயர் விசாலம். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அடுத்த ஏப்ரலில் காக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. கோடை விடுமுறையில் பள்ளியின் பெரிய ஹாலைக் கேட்டு வாங்கியிருப்பதாகவும், எட்டு ஒலிபெருக்கிகளும் எட்டு ஆம்ப்ளிஃபயர்களும் அவற்றோடு அன்றைக்குத் தூணில் கட்டிய ஆளும் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

"ஸ்கூல் ஹாலுக்கு எட்டா? அந்த அம்மாவுக்கு யாரு மேலலே கோவம்?" என்றார் காக்கா. ஆனாலும் தாராவியிலும் வடாலாவிலும் இருந்த கடைகளில் சொல்லி எட்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

முதல் மாதம் எந்த இசையும் இல்லை. ஹாலின் நடுவில் ஒரு நாற்காலி. அதைச் சுற்றி டீச்சர் சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் போட்டு, பதினாறு இடத்தில் எண் எழுதினார். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். இன்னொருவர் வட்டத்தின் மேல் நடந்து, ஏதாவது ஓர் எண்ணில் நின்று, இரண்டு மரக்கட்டைகளை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். உட்கார்ந்தவர் கையை நீட்டிக் காட்டுவார். தட்டிய எண் எது, காட்டிய எண் எது என்று டீச்சர் நோட்டில் எழுதிக்கொள்வார். முதல் நாள் நான் செருப்போடு நடந்தேன். செருப்புச் சத்தமே திசையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மறுநாளிலிருந்து எல்லோரும் வெறுங்கால்.

நானும், பள்ளியின் பியூன் பாண்டுவும், ஏதாவது வேலையாக வந்த மற்ற டீச்சர்களும் மாறி மாறி உட்கார்ந்தோம். பக்கவாட்டில் தட்டினால் யாரும் தவறவில்லை. நேர் முன்னால் தட்டியதைப் பாதிப் பேர் பின்னால் என்று காட்டினார்கள். தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம் என்று அனுமதித்தால் அந்தத் தவறு போய்விட்டது. அதைக் கண்டுபிடித்த அன்று டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "காது மட்டும் கேக்கறதில்லை, சாகுல். கழுத்தும் சேந்துதான் கேக்கறது" என்றார். எங்கள் எல்லோரிலும் கூர்மையான காது அவருடையதுதான். இரண்டு சாண் தள்ளி நின்று தட்டினால்கூட விரல் அந்த இரண்டு சாண் நகரும்.

அவரோடு வேலை பார்ப்பது எப்படி என்று கேட்டால், குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. "இன்னொரு தடவை" என்பார், அவ்வளவுதான். இருபது முறை ஆனாலும் அதே தொனி. இருபத்தோராவது முறை சரியாக வந்தால், "ஆச்சு" என்பார். பாராட்டும் அதுதான். இரண்டாம் நாளே கரும்பலகையில் வார வேலைகளை எழுதினார். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில், 'பன்னிரண்டு மணிக்கு மேல் சாகுல் இல்லை' என்று இருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டிருக்கவில்லை. எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கரும்பலகை எனக்குக் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது மாதம் சத்தம் சேகரிக்கப் போனோம். டீச்சரிடம் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. நல்ல கனம், கரண்ட் இல்லாமல் ஓடாது. வடாலாவில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு தையல் கடையிலிருந்து வயர் இழுத்து ரயில் போவதைப் பதிந்தோம். தாராவியில் எனக்குத் தெரிந்த தோல் கிடங்கில், நனைந்த தோலைப் பலகையில் அறையும் சத்தம். ஒலிபெருக்கிக்குப் பெட்டி செய்துகொடுத்த தச்சரின் பட்டறையில் இழைப்புளி ஓடும் சத்தம். போன இடத்திலெல்லாம் டீச்சர் முதலில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பார். பிறகு நோட்டில் வட்டம் போட்டு, எந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்று குறிப்பார்.

அந்தச் சத்தங்களை ஹாலுக்குள் நகர்த்த நான் ஒரு பெட்டி செய்தேன். டேப்பிலிருந்து வரும் ஒலி எட்டாகப் பிரிந்து, எட்டு வால்யூம் குமிழ்கள் வழியாக எட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்குப் போகும். ஒன்றைக் குறைத்துக்கொண்டே பக்கத்தில் இருப்பதைக் கூட்டினால், சத்தம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்து போவதுபோல இருக்கும். அதற்கு டீச்சர் ஓர் எழுத்துமுறை வைத்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் எட்டுக் கோடு, குறுக்கே நொடிகள். எந்த நொடியில் எந்தக் கோட்டில் பென்சில் தடிமனாக இருக்கிறதோ, அங்கே சத்தம். நான் ஒரு கண்ணைத் தாளிலும் ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்திலும் வைத்துக் குமிழ்களைத் திருப்புவேன்.

முதல் கோடை இப்படியே போயிற்று. யாருக்கும் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அடுத்த கோடையில் முழுப் படைப்பும் தயாராக வேண்டும், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆட்களை அழைத்து நிகழ்த்த வேண்டும் என்று முடிவானது. சுற்றிலும் எட்டு ஒலிபெருக்கிகள், நடுவில் டீச்சர் வயலினோடு. டேப்பில் நகரும் சத்தங்களோடு அவர் வயலின் பேச வேண்டும்.

அந்த இரண்டாவது கோடையில், மே மாத நடுவில் ஒரு நாள், சரி செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹாலின் இடது பக்க வாசலில் நுழைந்தேன். டீச்சர் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மூணாம் நம்பர் வந்தாச்சு" என்றேன்.

அவர் நிமிர்ந்து வலது பக்கம் திரும்பினார். அங்கே ஜன்னல்தான் இருந்தது. ஜன்னலைப் பார்த்து, பிறகு பின்னால் பார்த்து, கடைசியில்தான் என்னைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு வருஷமாக அவர் விரல் நீட்டுவதைப் பார்த்தவன் நான்.

ஆம்ப்ளிஃபயரைக் கீழே வைத்தேன். "எத்தன நாளாச்சு டீச்சர்?"

அவர் மறைக்கப் பார்க்கவில்லை. "ஒம்பது நாள். கார்த்தால எழுந்தேன், இடது காதுல விசில் மாதிரி ஒரு சத்தம். சாயங்காலம் அதுவும் இல்லை. டாக்டர் பாத்தார். நரம்புன்னார். வந்தா வரலாம், வராமலும் போகலாமாம்."

வயலின்காரருக்கு இடது காதுதான் வாத்தியத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அவரே சொன்னார்: "வாசிக்க ஒரு காது போறும். ஸ்ருதி தெரியறது. ஆனா எல்லாச் சத்தமும் எனக்கு வலது பக்கத்துலேர்ந்துதான் வரது. நீங்க, பஸ், குழாய்த் தண்ணி, எல்லாம்."

"நிறுத்திருவமா?"

"காகிதத்துல எல்லாம் முடிஞ்சுடுத்தே. எங்கே கேக்கறதுன்னு சொல்ல மட்டும் எனக்கு ஆள் வேணும். நமக்கு ரெண்டு பேருக்குமா மூணு காது இருக்கு, சாகுல். போறாதா?"

போதும் என்றேன். அன்றிலிருந்து அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து குமிழ்களைத் திருப்புவார். திருப்பிவிட்டு, "எங்கே ஆரம்பிச்சது? எங்கே போச்சு? எங்கே நின்னது?" என்று கேட்பார். நான் சொல்வதை வைத்துத் தாளில் திருத்துவார். முதல் சில நாள் சிரமமில்லாமல் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தார். முகமே சொல்லியது. காது இனி வராது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டாராம். உட்கார்ந்து, ரயில் போகும் பகுதியை எடுத்தார். ரயில் முன்பக்கம் வலது மூலையில் தொடங்கி, கேட்பவர்களின் முதுகுக்குப் பின்னால் ஐந்தாவது, ஆறாவது ஒலிபெருக்கிகள் வழியாகக் கடந்து, இடது மூலையில் போய் மறைய வேண்டும். ஐந்துவரை அழகாக வந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் காணாமல் போயிற்று. பள்ளத்தில் விழுந்தது மாதிரி ஒரு வெற்றிடம், அப்புறம் ஆறில் தலை நீட்டியது.

"எப்படி?" என்று கேட்டார்.

இன்றைக்கு இதையும் எப்படிச் சொல்வது என்று எனக்கு இருந்தது. நாளைக்கு நானே பார்த்துச் சரி செய்துவிடலாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

"பராபர் வந்துச்சு டீச்சர். நல்லா இருந்துச்சு" என்றேன்.

"ஆச்சு" என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை காக்கா என்னை அவசரமாக ஓர் ஊர்வலத்துக்கு ஒலிபெருக்கி கட்ட அனுப்பிவிட்டார். இரண்டு நாள் அங்கேயே போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஹாலுக்குள் நுழைந்தபோது நாற்காலியில் பாண்டு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரயில் ஓடியது. பாண்டுவின் கை முதுகுக்குப் பின்னால் மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் தயங்கி நின்றது. பிறகு சட்டென்று தாவியது.

"இதர் தா, ஃபிர் உதர். பீச் மே குச் நை" என்றான். இங்கே இருந்தது, அப்புறம் அங்கே, நடுவில் ஒன்றுமில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். மேஜையில் புதிதாக எழுதிய தாள்கள் அடுக்கியிருந்தன. ரயில் பின்னால் சரியாகக் கடக்கிறது என்ற என் வார்த்தையை நம்பி, அதன் மேல் வயலின் பகுதி முழுவதையும் இரண்டு நாளாக மாற்றி எழுதியிருக்கிறார்.

பாண்டுவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். "செவ்வாக்கிழமை இது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

"நீங்க டாக்டர்ட்ட போயிட்டு வந்திருந்திய. மனசு கஷ்டமா இருக்கையில..."

"என் மனசை நான் பாத்துக்கறேன்." குரல் அப்போதும் உயரவில்லை. "எனக்கு ஒரு காது போயிடுத்து. அது யார் தப்பும் இல்லை. அந்த இடத்துல உங்க காதை வச்சுண்டேன். அதுவும் பொய் சொன்னா நான் எங்கே போறது, சாகுல்?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இப்படி எதுவும் உள்ளே இறங்கியதில்லை.

அவர் முன்னாலேயே ஆறாவது பெட்டியைத் திறந்தேன். பையிலிருந்து டார்ச் செல்லை எடுத்து, சிவப்புப் புள்ளி வைத்த முனையில் பிளஸைத் தொட்டேன். கோன் உள்ளே இழுத்தது. புள்ளி தப்பான முனையில் இருந்தது. அந்தக் கோனை மே மாதத் தொடக்கத்தில் மாற்றியவன் நான்தான். அவசரத்தில் செல் வைத்துப் பார்க்காமல் புள்ளி வைத்தவனும் நான்தான். ஐந்தாவது வெளியே தள்ளும்போது ஆறாவது உள்ளே இழுத்திருக்கிறது. ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றிருக்கிறது. வயரை மாற்றிப் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"என் தப்புதான் டீச்சர்" என்றேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருக்கலாம்."

அவர் அந்தத் தாள்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டார். மணி பதினொன்றரை. கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "நீங்க கிளம்புங்கோ, நேரமாச்சு" என்றார்.

தொழுகை முடிந்து கடைக்குப் போய், ஸ்கூலுக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று காக்காவிடம் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன்.

"அந்த அம்மா வர வேண்டாம்னாங்களா?"

"இல்ல காக்கா."

"பொறவு நீயா எதுக்கு நிக்கே? போயி வேலயப் பாரு."

சனிக்கிழமை போனேன். என் நாற்காலியின் மேல் ஓர் அட்டையும் பென்சிலும் இருந்தன. டீச்சர் புது ஏற்பாட்டைச் சொன்னார். ஒவ்வொரு முறை ஓட்டியதும் நான் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டதை முதலில் அட்டையில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் அவர் கேள்வி கேட்பார்.

"எதுவும் நிச்சயமாத் தெரியலைன்னா, தெரியலைன்னு எழுதுங்கோ. அதுவும் எனக்கு வேணும்" என்றார்.

முந்தைய நாளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை தவறியவனை அதே நாற்காலியில் மறுபடி உட்கார வைக்க எல்லோருக்கும் மனசு வராது. அன்றைக்கு நான் எழுதிய முதல் வரி, 'ஏழில் நிற்கிறது, எட்டுக்குப் போகிறதா தெரியவில்லை.' அவர் அதைப் படித்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றார்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு முதல் மழை பிடித்தது. காகிதக் கோன்கள் ஈரத்தைக் குடித்தால் சத்தம் மந்தமாகிவிடும். எட்டுப் பெட்டிக்குள்ளும் சின்ன பல்பு ஒன்றைக் கட்டி எரியவிட்டுக் காயவைத்தோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள், மாட்டுங்காவிலிருந்து சில வித்வான்கள், டீச்சரின் அண்ணன் குடும்பம். எங்கள் பக்கத்திலிருந்து காக்கா, இஸ்திரி போட்ட சட்டையோடு. அழைப்பிதழில் 'எட்டு ஒலிபெருக்கிகளும் ஒரு வயலினும்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. நாற்காலிகளை இரண்டு வட்டமாகப் போட்டிருந்தோம். நடுவில் ஒரு பலகை, அதன் மேல் டீச்சர். எல்லா முகமும் அவரைப் பார்த்து.

நான் பெட்டியின் முன் உட்கார்ந்து டேப்பை ஓட்டினேன். தோல் அறையும் சத்தம் ஒவ்வொரு மூலையாக எழுந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல வயலின். பிறகு ரயில். வலது மூலையில் தூரத்தில் தொடங்கி நெருங்கியது. ஐந்தாவது குமிழிலிருந்து ஆறாவது குமிழுக்கு என் கைகள் மாறும்போது நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேருடைய தலையும் திரும்பிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. வட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, கழுத்து கழுத்தாக, அந்த ரயிலோடு திரும்பினார்கள். காக்காவும் வாயைக் கொஞ்சம் திறந்தபடி திரும்பினார். டீச்சர் வில்லை இழுத்துக்கொண்டே அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்தது இழைப்புளி. இரண்டாவதில் தொடங்கி, ஜன்னல் பக்கம் இருந்த மூன்றாவதில் கொஞ்ச நேரம் நின்று, நான்குக்குப் போக வேண்டும். மூன்றாவது குமிழைக் கூட்டினேன். சத்தம் வரவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். எரிய வேண்டிய கண்ணாடி வால்வு ஒன்று அணைந்து கிடந்தது. மாற்ற நேரமில்லை. இரண்டிலிருந்து நேராக நான்குக்குத் தாண்டவிட்டேன். மீதி எல்லாம் தாளில் இருந்தபடியே முடிந்தது.

கைதட்டல் பெரிதாக இல்லை. கைதட்ட வேண்டுமா என்றே சிலருக்குத் தெரியவில்லை. ஒரு வித்வான், இதில் ராகம் எங்கே என்று டீச்சரின் அண்ணனிடம் விசாரித்தார். ஒரு டீச்சர் மட்டும் முதுகுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கூட்டம் கலைவதற்குள் நான் டீச்சரிடம் போனேன்.

"மூணாவது நடுவுல செத்துப்போச்சு டீச்சர். இழைப்புளி ஜன்னல்கிட்ட நிக்கவே இல்ல. தாண்டிப் போயிட்டு."

"தெரியும்" என்றார், வில்லைத் தளர்த்திக்கொண்டே. "எல்லார் தலையும் ஜன்னல் பக்கம் வந்து நிக்கணும். நிக்காமப் போயிடுத்து."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"ரயில் எங்கேர்ந்து எங்கே போச்சுன்னு பாத்தேன், சாகுல். முழுக்கப் பாத்தேன்."

அவருடைய இடது காது திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் மூன்று கோடைகள் அந்த ஹாலில் வேலை செய்தோம். வயலின் வாசிப்பதை அவர் விடவில்லை. பிற்பாடு அரங்கங்களுக்கு ஒலி அமைக்கிற கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததும் அவர் எழுதிய கடிதத்தால்தான். போய் வா என்று காக்கா சந்தோஷமாகவே அனுப்பினார். நான் கல்யாணம் செய்துகொண்டதும், பிள்ளைகளைப் படிக்கவைத்ததும், இன்றைக்கு இந்த வீட்டில் உட்கார்ந்து எழுதுவதும் அந்தக் கடிதத்திலிருந்து வந்தவைதான். விசாலம் டீச்சர் இப்போது இல்லை. அவர் இருந்தபோது இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன், சொல்லாமல் விடவில்லை. "ஆச்சு, ஆச்சு" என்று கையை ஆட்டிவிட்டார்.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு அடித்த அழைப்பிதழை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அதில் அமைப்பும் வயலினும் விசாலம் என்று இருந்தது. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'கேட்டவர்: சாகுல் அமீது' என்று இருந்தது. என் பெயரை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காக்காவிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தார்.

"கேட்டவர்னு போட்டிருக்கு. நீ என்னத்தலே கேட்டே?"

"சத்தத்த, காக்கா. எங்க கேக்குதுன்னு சொல்லுததுக்கு."

"இது ஒரு வேலையா?"

ஓய்வு பெறும் நாள்வரை நான் பார்த்தது அந்த வேலையைத்தான்.